டீசலில் மிச்சமானது பத்தாயிரம் மட்டும்: தண்டையார்பேட்டையில் ஒரு சொகுசு காரை மாற்றிய கணக்கு

2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தட்டில் வஞ்சிரம் வறுவல் இருக்கும்போதே மாமா பேச்சை எடுத்தார். "மச்சான், இந்த வண்டியைக் குடுத்துட்டு மைலேஜ் குடுக்கிற வண்டியா ஒண்ணு எடுத்துடலாமா? டீசலுக்கே காசு போவுது."

நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். விபத்தில் அடிபட்ட வண்டியையும் வெள்ளத்தில் நின்ற வண்டியையும் பார்த்து, இழப்பைக் கணக்கிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. அதனால் உறவில் யார் கார் வாங்கினாலும் விற்றாலும் கேள்வி என்னிடம்தான் வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். இதற்கு நாலு மாதம் பிடித்தது. முதலில் நான் சொன்ன பதிலும் தவறு. அதே தவறைப் பல வீடுகளில் பார்க்கிறேன் என்பதால், மாமாவின் அனுமதியோடு, பெயரை மட்டும் விட்டுவிட்டு, ரூபாய்க் கணக்கோடு முழுவதையும் எழுதுகிறேன்.

வண்டியும் வீடும்

வண்டி 2017 மாடல் ஜெர்மன் செடான். இரண்டு லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். 2020 கடைசியில், 38,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், 31 லட்சத்துக்கு மாமா வாங்கினார். நாங்கள் பேசிய அன்று மீட்டரில் 71,000. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வரும்.

மாமாவுக்கு கஸ்டம்ஸ் கிளியரிங் தொழில். ஆபீஸ் மண்ணடிப் பக்கம், ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கு நடந்து போகிற தூரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டுகளுக்குப் போக வேண்டியிருக்கும். கார் கடன் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆனால் தொழிலில் வர வேண்டிய பாக்கி தாமதமாகி, 11 சதவீத வட்டிக்கு ஓ.டி. (வங்கி ஓவர்டிராஃப்ட் கடன்) ஓடிக்கொண்டிருந்தது. காரை மாற்றும் எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கார் வீட்டு வாசலுக்கு வந்த அன்று அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, காசிமேடு வரை ஒரு சுற்று போய் வந்தார்கள். இறங்கி வந்து பானெட்டில் கை வைத்தபடி அவர் எடுத்துக்கொண்ட போட்டோ இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது. இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார். எனவே இதை வெறும் இரும்பாக நினைத்துக் கூட்டிக் கழித்தால் மாமா ஒத்துக்கொள்ளமாட்டார் என்பது எனக்கு முதலிலேயே தெரியும். ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஓடுகிற பாதை

ஒரு கார் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை எங்கே, எப்படி ஓடுகிறது என்பதுதான் தீர்மானிக்கும். மாமாவோடு ஒரு வாரம் கூடவே போய்ப் பார்த்தேன். காலையில் வீட்டிலிருந்து மண்ணடிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) போனால் ஷேர் ஆட்டோக்களும் பஸ்களும் நடுவில் நின்று நின்று போக வேண்டும். கடற்கரையை ஒட்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். காசிமேடு பக்கம் ஜீரோ கேட் வரிசை நீண்டுவிட்டால் கார் லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். மணலிப் பாதை அகலம்தான். ஆனால் கனரக வண்டிகளின் எடையில் ஓரம் உடைந்து, மழை முடிந்த கையோடு பள்ளமாகிவிடும்.

இந்த ஓட்டத்தில் ஒரு நவீன டீசல் என்ஜினுக்கு என்ன ஆகிறது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கின் மையமே இதுதான்.

டீசல் புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைக்க, புகைக்குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கும். அது நிரம்பியதும், என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு உண்டாக்கி, கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். இது முடிய வண்டி பதினைந்து இருபது நிமிடமாவது ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது நடப்பதே தெரியாது. மாமாவின் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. எரிக்கத் தொடங்கும், அதற்குள் ஆபீஸ் வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவார். மறுநாளும் அதேதான். பாதியில் நின்றுபோன ஒவ்வொரு முயற்சிக்கும் டீசல் வீண். எரியாமல் மிச்சமான டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து அதையும் நீர்க்கச் செய்யும். கடைசியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

2025 ஏப்ரலில் அப்படித்தான் எரிந்தது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ததும், அழுத்த சென்சாரும், கூடவே புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வேலையும் சேர்த்து 1,02,000 ரூபாய். "வண்டி நல்ல வண்டின்னு சொன்னியே மச்சான்" என்று அப்போது மாமா வருத்தப்பட்டார். வண்டி நல்ல வண்டிதான். அது செய்யப்பட்ட வேலை வேறு, நாம் அதற்குக் கொடுத்த வேலை வேறு.

டயர் இன்னொரு கதை. இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃப்ளாட் டயர். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுவதற்காகப் பக்கச் சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். கெட்டியான, உயரம் குறைந்த அந்தச் சுவர் பள்ளத்தில் இடித்தால் உள்நார் அறுந்து, வெளியே பலூன்போல வீங்கும். 2024-ல் இரண்டு டயர் அப்படிப் போய், நாலையும் மாற்றினார்: 92,000. அதே வருடம் முன் சஸ்பென்ஷன் ஆர்ம்களுக்கு 76,000.

பில்களை எல்லாம் கேட்டு வாங்கி அடுக்கினேன். சர்வீஸையும் சேர்த்து 2023-ல் 88,000. 2024-ல் 2,14,000. 2025-ல் ஜூலைக்குள்ளேயே 1,57,000. 2025-ஐ முழு வருடமாகவே வைத்தாலும் சராசரி வருடத்துக்கு 1,53,000 ரூபாய். அக்கா இந்தக் கூட்டலை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை, பில்களைத் திரும்ப ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வைத்தாள்.

நான் முதலில் சொன்ன பதில்

"ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுங்க மாமா." இதுதான் நான் சொன்னது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் சரியான பதில். பெட்ரோல் என்ஜினோடு மின்சார மோட்டாரும் உள்ள வண்டி அது. நின்று நின்று போகும் சாலையில் பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலை பேட்டரியில் சேர்த்து, ஊர்ந்து போகும்போது மோட்டாரில் ஓட்டும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைப்ரிட் வகைகளுக்குச் சோதனைக்கூட மைலேஜ் 27.97. நகரத்தில் 20 கிடைத்தாலும் பெரிய விஷயம்தான்.

கொட்டேஷன் வந்ததும் கணக்கு கவிழ்ந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் அதைவிடக் கூடுதல். ஹைப்ரிட் அந்தக் கூடுதல் வரியில் விழுந்து, சாலைக்கு வரும்போது 20 லட்சத்தைத் தாண்டியது. செடானை விற்று வரும் பணத்தோடு இன்னும் ஆறேழு லட்சம் கடன் வாங்க வேண்டும். எதற்கு? பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், 7,000 கிலோமீட்டருக்கு 350 லிட்டர், 35,000 ரூபாய். ஒரு சின்ன பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 19,000 மிச்சம். அதற்காகக் கூடுதலாகப் போடும் பணம் 10 லட்சத்துக்கு மேல். ஐம்பது வருடம் ஓட்டினாலும் அந்தப் பணம் திரும்பாது. வருடத்துக்கு 25,000, 30,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நான் இன்றும் ஹைப்ரிட்டைத்தான் சொல்வேன். மாமாவுக்குச் சொன்னது தவறு, ஏனென்றால் அவர் எவ்வளவு ஓட்டுகிறார் என்று கேட்பதற்கு முன்பே நான் வண்டியைச் சொல்லிவிட்டேன்.

மின்சார காரும் பேச்சில் வந்தது. வீடு மாடியில், கார் தெருவில். சார்ஜருக்குத் தெருவைத் தாண்டி வயர் இழுக்க முடியாது. அதோடு அது முடிந்தது.

உட்கார்ந்து போட்ட கணக்கு

ஆகஸ்டில் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, செடானையும் ஒரு சின்ன பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கையும் அருகருகே எழுதினேன்.

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்ததில் செடான் இந்த ஓட்டத்துக்கு லிட்டருக்கு 10 கொடுத்தது. டீசல் 92 ரூபாய் என்றால் வருடத்துக்கு 64,400. சின்ன கார் நகரத்தில் 13 கொடுக்கும் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 54,400. வித்தியாசம் வருடத்துக்குப் பத்தாயிரம். மாதத்துக்கு 850 ரூபாய் கூட இல்லை.

மாமா நோட்டைத் திருப்பி வைத்து இரண்டு தடவை பார்த்தார். "இதுக்கா நான் மூணு மாசமா தூக்கம் கெட்டேன்?"

மற்ற வரிகளையும் எழுதினேன். பழுது, சர்வீஸ்: செடானுக்கு 1,53,000, சின்ன காருக்கு முதல் சில வருடங்களில் சராசரி 12,000. காப்பீடு: 48,000, 25,000. அப்புறம் யாரும் பில்லாகப் பார்க்காத செலவு ஒன்று, மதிப்புக் குறைவு. அன்று சந்தையில் செடானுக்கு 13.5 லட்சம் கிடைக்கலாம். மூன்று வருடம் கழித்து, பதினோரு வயதுச் சொகுசு டீசலுக்கு 8 லட்சம் கிடைத்தால் நல்லது. வருடத்துக்கு 1,83,000 போகிறது. சின்ன கார் புதிதாக வாங்கினாலும் மூன்று வருடத்தில் மூன்றரை லட்சம்தான் இறங்கும், வருடத்துக்கு 1,17,000.

கூட்டினால் செடான் வருடத்துக்கு 4,48,000. சின்ன கார் 2,08,000. ஒரு கிலோமீட்டருக்கு 64 ரூபாய், 30 ரூபாய். வித்தியாசம் 2,40,000, அதில் எரிபொருளின் பங்கு பத்தாயிரம். மாமா கேட்ட கேள்வி மைலேஜைப் பற்றியது. விற்க வேண்டிய காரணமோ மைலேஜில் இல்லவே இல்லை.

"அப்போ ஆபீஸுக்கு மெட்ரோல போயிட்டு, வண்டியை வெச்சிக்கிட்டா?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் மண்ணடிக்குச் சில நிமிடம்தான். ஆனால் 4,48,000-இல் டீசல் மட்டும்தான் குறையும். காப்பீடும் மதிப்புக் குறைவும் நிற்கிற வண்டிக்கும் உண்டு. ஓட்டம் குறையக் குறைய டி.பி.எஃப்.பும் பேட்டரியும் இன்னும் மோசமாகும். இந்த ரக வண்டியைச் சும்மா நிறுத்துவதுதான் அதற்குச் செய்கிற பெரிய கெடுதல்.

என் மனதில் இன்னொன்றும் இருந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு வடசென்னையில் எத்தனையோ வண்டிகளைப் பார்த்தேன். எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து, சீட் துணி வரைக்கும் கறுப்பாக ஒட்டியிருந்தது. தாழ்வான செடானில் காற்று இழுக்கும் வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் சுருங்காது என்பதால் பிஸ்டன் முட்டி ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால்தான் பல என்ஜின்கள் போயின. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், தள்ளி ஓரமாக வையுங்கள். மாமா அன்று முன்கூட்டியே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தித் தப்பித்தார். என்ஜினுக்கான கூடுதல் காப்பீடு அவர் வண்டி வயதுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவை தவறியிருந்தால் நாலைந்து வருடப் பழுதுச் செலவு ஒரே நாளில் வந்திருக்கும்.

அத்தையின் முட்டி

எந்தச் சின்ன கார் என்பதில் மாமாவின் மனம் டிசையரில் இருந்தது. செடானிலிருந்து செடானுக்குப் போகிறோம் என்ற ஆறுதல். நல்ல தேர்வுதான். 2024-ல் வந்த புதிய மாடலுக்குக் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. கன்டெய்னர் லாரிகளோடு தினமும் ஓடுகிற வண்டிக்கு அது முக்கியம்.

ஷோரூமுக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னது அக்கா. அத்தை என்றால் மாமாவின் அம்மா. அவருக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தேய்மானம். பழைய செடானில் சீட் தாழ்வு. உட்காரும்போது ஒருவர் தாங்க வேண்டும், எழும்போது இருவர் இழுக்க வேண்டும். கொஞ்ச நாளாக அவர் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்குக்கூடப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிடுவார், கார்தான் காரணம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

டிசையரில் உட்கார்ந்தார். எழும்போது மாமாவின் கையைத் தேடினார். பக்கத்துத் தெருவில் இன்னொரு ஷோரூம், அங்கே டாடா பஞ்ச். கதவு 90 டிகிரி முழுதாகத் திறக்கும், சீட் இடுப்பு உயரத்தில். அத்தை திரும்பி நின்று, உட்கார்ந்து, காலை உள்ளே வைத்தார். இறங்கவும் செய்தார். "இது நம்ம திண்ணை மாதிரி இருக்கு" என்றார். 2021-ல் அதற்கும் குளோபல் என்கேப்பில், அப்போதிருந்த விதிப்படி, ஐந்து நட்சத்திரம். தரை இடைவெளி 187 மில்லிமீட்டர். ஏ.எம்.டி. எனும் அதன் ஆட்டோமேட்டிக் கியர் வகைக்கு அறிவித்த மைலேஜ் 18.8, டிசையரைவிட நன்றாகவே குறைவு. நான் 13 என்று கணக்கில் எழுதியதே இந்த வண்டிக்குத்தான். மைலேஜ் என்று தொடங்கிய தேடல் மைலேஜ் குறைந்த சின்ன காரில் வந்து நின்றதில் எனக்கு முழுத் திருப்தி.

ஏ.எம்.டி. கியர் மாறும்போது ஒரு சின்னத் தயக்கம் இருக்கும், பழைய வண்டியின் வழுக்கல் இருக்காது என்று மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். "பழகிடும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பழக நாளாகும் என்று தெரிந்தது.

அதற்குள் ஜி.எஸ்.டி. மாற்ற அறிவிப்பு வந்தது. நாலு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், அதுவரை செஸ்ஸோடு 29. காத்திருந்தோம். சாலை விலை 9.6 லட்சத்தில் முடிந்தது.

தள்ளிப்போட்ட பேச்சு

இவ்வளவுக்குப் பிறகும் அக்டோபர் முழுக்க மாமா கையெழுத்துப் போடவில்லை. கிளையன்ட் என்ன நினைப்பான், தொழில் படுத்துவிட்டது என்று பேசுவார்களோ என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள் ஒன்றும் சொல்லாமல் போட்டோவையே பார்த்தார். நான் கணக்கை மறுபடி எடுக்கவில்லை. அத்தைதான் பேசினார். "உங்கப்பா காரைப் பார்த்து சந்தோஷப்படலைடா. நீ ஓட்டினதைப் பார்த்துதான். கடனோட ஓட்டுறதைப் பார்த்தா திட்டியிருப்பாரு."

மறுநாள் விற்பனைக்குப் போட்டோம். ஒரு செயலியில் முதலில் 13.5 லட்சம் காட்டினார்கள், வந்து பார்த்த பிறகு 11.4 என்றார்கள். ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் 11.9. டெல்லியில் பத்து வயதுக்கு மேற்பட்ட டீசலுக்குக் கொண்டுவந்த தடையைக் காட்டி இங்கேயும் விலையை இறக்கப் பார்த்தார் ஒரு தரகர். அந்த விதி டெல்லி வட்டாரத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 15 வருடம் ஆனதும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள், பேரத்தில் உதவும்.

கடைசியில் சேலத்து மருத்துவர் ஒருவர் நேரடியாக வந்து 13.6 லட்சத்துக்கு வாங்கினார். வாரம் இரண்டு தடவை கோவை போய் வருகிறவர். அந்த டி.பி.எஃப்.புக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. பில் கட்டையும் அப்படியே கொடுத்தோம், ஏப்ரல் பழுதைப் பற்றியும் சொன்னோம்.

விற்பதற்கு முன் ஒரு சிக்கல் தெரிந்தது. மார்ச்சில் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் கொடுத்து அதை எடுத்த பிறகுதான், உரிமையாளர் பெயரை மாற்றும் 29, 30 படிவங்களில் கையெழுத்து. பணம் வந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. பெயர் மாறும் வரை மாமாவைத் தினமும் இணையத்தில் பார்க்கச் சொன்னேன். பழைய பாலிசியில் அவர் சேர்த்திருந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸையும் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) கடிதம் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டோம். அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பஞ்சை வாங்கியது போக மிச்சமான நாலு லட்சம் நேராக ஓ.டி.க்குப் போனது. வருடத்துக்கு 44,000 வட்டி நின்றது. டீசலில் மிச்சமாவதைப்போல நாலு மடங்கு.

மார்கழிப் பௌர்ணமியன்று அத்தை ஒரு பழைய ஆசையைச் சொன்னார். காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன், மூவரையும் ஒரே நாளில் பார்ப்பது. மாமாவின் அப்பா இருந்தபோது பஸ்ஸில் போனது. பஞ்சில் போனோம். மாமா ஓட்டினார், நான் பின்னால் அக்காவோடு. அத்தை அன்று நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்கினார். திருமுல்லைவாயிலில் மாமா சுற்றி வந்து கதவைத் திறப்பதற்குள் அவரே திறந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.